எ, ஆன், தி: எப்போது எது? கேட்பவர் பக்கம் நின்று பார்த்தால் புரியும்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் பலர் டென்ஸை ஒருவழியாகப் பிடித்துவிடுகிறார்கள். ப்ரிப்பொசிஷனும் பழகப் பழக வந்துவிடுகிறது. பல வருடம் கழித்தும் தகராறு செய்வது மூன்று குட்டிச் சொற்கள்தான்: எ, ஆன், தி. "தமிழில் ஆர்ட்டிக்கிளே கிடையாது, அதனால்தான் நமக்கு வரமாட்டேன் என்கிறது" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. ஆர்ட்டிக்கிள் என்று தனிச்சொல் நம்மிடம் இல்லை. ஆனால் அது செய்யும் வேலை தமிழில் தினமும் நடக்கிறது.

இந்த இரண்டையும் சொல்லிப் பாருங்கள்.

நேற்று புத்தகம் வாங்கினேன்.
நேற்று புத்தகத்தை வாங்கினேன்.

முதல் வாக்கியத்தைக் கேட்பவர் "அப்படியா, என்ன புத்தகம்?" என்பார். இரண்டாவதைக் கேட்பவர், ஏற்கெனவே நமக்குள் பேசிக்கொண்டிருந்த புத்தகம் என்று எடுத்துக்கொள்வார். அப்படி ஒரு பேச்சே நடந்திருக்காவிட்டால் "எந்தப் புத்தகத்தை?" என்று விழிப்பார். வித்தியாசம் முழுவதும் அந்த இரண்டாம் வேற்றுமை உருபில் இருக்கிறது. "வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றால் வாடகைக்கோ விலைக்கோ ஏதாவது ஒரு வீடு தேடுகிறோம். "வீட்டைப் பார்த்தோம்" என்றால் குறிப்பிட்ட ஒரு வீடு. ஆங்கிலத்தில் முதலாவது "வி ஆர் லுக்கிங் ஃபார் எ ஹவுஸ்", இரண்டாவது "வி சா தி ஹவுஸ்". இந்த வேறுபாட்டை நீங்கள் மூன்று வயதிலிருந்தே சரியாகச் சொல்லிவருகிறீர்கள்.

இதையே சூத்திரமாக வைத்துக்கொள்ளலாமா என்றால் முடியாது. ஆட்களைச் சொல்லும்போது தமிழ் பெரும்பாலும் உருபைச் சேர்த்துவிடும். "ஒரு டாக்டரைப் பார்த்தேன்" என்றால் அது "எ டாக்டர்"தான். எழுவாயாக வரும் சொல்லிலும் இந்த உருபு வராது. ஆனால் உருபுக்குப் பின்னால் இருக்கும் கேள்வி எல்லா இடத்துக்கும் பொருந்தும். "எது, எந்த, யார் என்று கேட்பவர் கேட்பாரா?" என்பதுதான் அந்தக் கேள்வி. கீழே வரும் படிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான் இருக்கின்றன.

(ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆர்ட்டிக்கிளைக் கண்ணைவிடக் காதுதான் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். பேசும்போது "எ" என்பதை அழுத்தாமல் லேசான "அ" போலச் சொல்லுங்கள். "தி" என்பதும் அப்படித்தான்: மெய்யொலிக்கு முன் "த" போல, உயிரொலிக்கு முன் "தி" என்று.)

முதல் படி: அந்த இடம் காலியா?

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் மை, யுவர், ஹிஸ், திஸ், தட், எவ்ரி, ஈச், சம் போன்ற சொல் ஏதாவது வந்துவிட்டால் வேலை முடிந்தது. ஆர்ட்டிக்கிள் வேண்டாம். "தி மை ஹவுஸ்", "எ மை ஃப்ரெண்ட்" என்றெல்லாம் ஆங்கிலத்தில் இல்லை. "என் நண்பர்களில் ஒருவர்" என்று சொல்ல வேண்டுமானால் "எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்". "ராமு'ஸ் பைக்" என்பதும் இதே கணக்குதான். ராமு அந்த இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டார்.

இரண்டாம் படி: கேட்பவருக்கு எது என்று தெரியுமா?

மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு ஒன்று. திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்தவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்கிறார்: "எஸ்டர்டே ஐ மெட் தி ஃப்ரெண்ட்." அவருக்கு அந்த நண்பர் யார் என்று நன்றாகத் தெரியும், பெயர் தெரியும், முகம் தெரியும். அதனால் குறிப்பிட்ட ஆள்தானே என்று "தி" போட்டார். ஆனால் பக்கத்து சீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. "விச் ஃப்ரெண்ட்?" என்றுதான் கேட்பார். ஆக, அங்கே வரவேண்டியது "எ ஃப்ரெண்ட்".

குறிப்பிட்ட ஒன்று என்றால் "தி", பொதுவான ஒன்று என்றால் "எ" என்று பள்ளியில் படித்ததில் இந்த முக்கியமான பாதி விட்டுப்போய்விடுகிறது. யாருக்குக் குறிப்பிட்டது? சொல்பவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. கேட்பவரும் சரியாக அதையே நினைக்க வேண்டும். அப்போதுதான் "தி".

கேட்பவருக்கு எப்படித் தெரியும்? பல வழிகள்.

ஒன்று, நீங்களே முன்னால் சொல்லியிருப்பீர்கள். "ஐ பாட் எ பைக் அண்ட் எ ஹெல்மெட். தி பைக் இஸ் ரெட்." இதை எல்லாப் பாடநூலும் சொல்கிறது.

இரண்டு, இருவரும் ஒரே இடத்தில் இருப்பீர்கள். "க்ளோஸ் தி டோர்" என்று சொல்ல, கதவைப் பற்றி முன்பே பேசியிருக்கத் தேவையில்லை. அறையில் திறந்திருப்பது ஒரே கதவு. "வேர் இஸ் தி கீ?" என்று வீட்டில் கேட்டால் எந்தச் சாவி என்று வீட்டிலிருப்பவர்களுக்குத் தெரியும். இதையே பெரிதாக்கினால் "தி சன்", "தி மூன்", "தி ஸ்கை" எல்லாம் வந்துவிடும். சென்னையில் இருவர் பேசும்போது "தி சீஃப் மினிஸ்டர்" என்றால் தமிழ்நாட்டு முதலமைச்சர்; பெங்களூரில் இருவர் பேசினால் அதே சொல் கர்நாடக முதலமைச்சரைக் குறிக்கும். கேட்பவர் மாறும்போது "தி" காட்டும் ஆளும் மாறுகிறார்.

மூன்றாவது வழியைப் பாடநூல்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. என் கணிப்பில் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். "ஐ டுக் எ பஸ் டு சேலம். தி டிரைவர் வாஸ் வெரி யங். தி கண்டக்டர் ஹேட் நோ சேஞ்ச்." டிரைவரும் கண்டக்டரும் இப்போதுதான் முதல்முறையாகப் பேச்சில் வருகிறார்கள். முதல்முறை என்றால் "எ" என்று மனப்பாடம் செய்தவர் "எ டிரைவர்" என்பார். ஆனால் பஸ் என்றதுமே அதற்கு ஒரு டிரைவர் உண்டு என்று கேட்பவருக்குத் தெரிந்துவிட்டது, "எந்த டிரைவர்?" என்று அவர் கேட்கப்போவதில்லை. எனவே "தி". இந்த இடத்தில் "எ டிரைவர்" என்று சொன்னால், பஸ்ஸில் பயணியாக வந்த வேறு யாரோ ஒரு டிரைவர் என்பது போல ஒலிக்கும். ஒரு பொருளைச் சொன்னால் அதன் பாகங்களும் அதோடு சேர்ந்த ஆட்களும் கூடவே வந்துவிடுகிறார்கள்: வீடு என்றால் "தி கிச்சன்", "தி ரூஃப்", ஃபோன் என்றால் "தி ஸ்க்ரீன்", "தி பேட்டரி", ஹோட்டல் என்றால் "தி மெனு", "தி பில்". ஆனால் ஃபோனுக்கு இரண்டு சிம் என்றால் "தி சிம்" குழப்பும். அங்கே "ஒன் ஆஃப் தி சிம்ஸ்" என்றுதான் சொல்ல வேண்டும்.

நான்காவதாக, பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும் சொற்களே அடையாளம் காட்டிவிடும். "தி புக் யூ கேவ் மீ", "தி ஹவுஸ் நெக்ஸ்ட் டு அவர்ஸ்". ஆனால் இப்படி ஒரு விளக்கம் வந்தாலே "தி" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். "ஐ ஆம் ரீடிங் எ புக் தட் மை டீச்சர் ரெகமண்டட்" என்பது மிகச் சரி. ஆசிரியர் பத்துப் புத்தகம் சொல்லியிருக்கலாம், அதில் ஒன்று. "தி புக்" என்றால் அவர் சொன்னது ஒன்றே ஒன்று, அல்லது அந்தப் பேச்சு கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியும்.

கடைசியாக, சில சொற்கள் தாமே "ஒன்றுதான் இருக்க முடியும்" என்று சொல்லிவிடும்: பெஸ்ட், டாலஸ்ட், ஃபர்ஸ்ட், லாஸ்ட், சேம். இவற்றுக்கு முன் பெரும்பாலும் "தி". "தி ஒன்லி சன்" என்றால் ஒரே மகன். ஆனால் "ஆன் ஒன்லி சைல்ட்" என்றும் சொல்கிறார்கள்: உடன்பிறப்பு இல்லாத பிள்ளைகள் உலகில் எத்தனையோ பேர், அவர்களில் ஒருவர். "எ செகண்ட் சான்ஸ்" என்பதும் இப்படித்தான், இன்னொரு வாய்ப்பு என்ற பொருளில்.

மூன்றாம் படி: தெரியாது என்றால், அதை எண்ண முடியுமா?

"எந்த?" என்று கேட்பவர் கேட்பார் என்றால் "தி" போய்விட்டது. இனி பெயர்ச்சொல்லைப் பாருங்கள். எண்ணக்கூடியதா? ஒருமையா? இரண்டுக்கும் ஆம் என்றால் "எ" அல்லது "ஆன்" கட்டாயம். ஆங்கிலத்தில் எண்ணக்கூடிய ஒருமைப் பெயர்ச்சொல் வெறுமனே நிற்பது அபூர்வம்.

தொழிலைச் சொல்லும்போது இதை விட்டுவிடுகிறோம். தமிழில் "அவர் டாக்டர்" என்றால் போதும், "ஒரு" தேவையில்லை. அதை அப்படியே கொண்டுபோய் "ஹி இஸ் டாக்டர்", "ஐ ஆம் சாஃப்ட்வேர் எஞ்சினியர்" என்கிறோம். "ஹி இஸ் எ டாக்டர்", "ஐ ஆம் எ சாஃப்ட்வேர் எஞ்சினியர்" என்பதே சரி. இன்டர்வியூவில் முதல் வாக்கியமே இதுதான் என்பதால் இதை மட்டும் நாக்கில் ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் மட்டும் இருக்கும் பதவி என்றால் "தி": "ஷி இஸ் தி ஹெட்மிஸ்ட்ரஸ் ஆஃப் அவர் ஸ்கூல்."

நோயிலும் கவனம் வேண்டும். "எ கோல்ட்", "எ ஹெட்ஏக்", "எ ஃபீவர்", "எ காஃப்". ஆனால் டெங்கு, மலேரியா, டயபடீஸ் போன்ற நோய்ப் பெயர்களுக்கு எதுவும் வேண்டாம். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று நம் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுதும் லீவ் லெட்டர் வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது இந்திய ஆங்கிலத்தில் ஊறிப்போன தொடர், யாரும் குறை சொல்லப்போவதில்லை. பேசும்போது "ஐ ஹேவ் எ ஃபீவர்" என்று பழகிக்கொள்ளுங்கள்.

இனி எண்ண முடியாதவை. "ஒரு" என்றால் "எ" என்று மொழிபெயர்ப்பவர்கள் விழும் பள்ளம் இது. தமிழில் ஒரு தகவல், ஒரு அறிவுரை, ஒரு நல்ல செய்தி என்று தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், நியூஸ் மூன்றும் எண்ண முடியாதவை. "ஆன் இன்ஃபர்மேஷன்", "ஆன் அட்வைஸ்", "எ குட் நியூஸ்" மூன்றுமே தவறு. ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க், எவிடன்ஸ், ட்ராஃபிக் எல்லாம் இதே வகை. ஒன்று என்று சொல்லியே ஆக வேண்டும் என்றால் "எ பீஸ் ஆஃப் அட்வைஸ்", "எ பிட் ஆஃப் இன்ஃபர்மேஷன்".

ஐடி துறையில் இருப்பவர்களுக்குத் தனியாக மூன்று சொல்ல வேண்டும். சாஃப்ட்வேர் எண்ண முடியாதது. "ஐ இன்ஸ்டால்ட் எ சாஃப்ட்வேர்" என்பதற்குப் பதில் "ஐ இன்ஸ்டால்ட் சம் சாஃப்ட்வேர்" அல்லது "ஆன் ஆப்". ஃபீட்பேக்கும் அப்படியே: "ப்ளீஸ் கிவ் மீ சம் ஃபீட்பேக்." மூன்றாவது, ஸ்டாஃப். இது மொத்த ஊழியர்களையும் குறிக்கும் சொல். "ஹி இஸ் எ ஸ்டாஃப் ஹியர்" என்று நாம் சொல்வதைக் கேட்கும் வெளிநாட்டுக்காரருக்குப் புரியாமல் போகலாம். "ஹி இஸ் எ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்" என்றால் தெளிவு. "எ ஸ்டாஃப் நர்ஸ்" மட்டும் சரி, ஏனென்றால் அங்கே எண்ணப்படுவது நர்ஸ்.

எது எண்ணக்கூடியது என்று அறிவை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள், முடியாது. நாற்காலியை எண்ணலாம், மேசையை எண்ணலாம், இரண்டும் சேர்ந்த ஃபர்னிச்சரை எண்ணக்கூடாது என்பதற்குப் பொருளைப் பார்த்தால் விடை கிடைக்காது. ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதிகளில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் சி அல்லது யூ என்ற எழுத்து இருக்கும். சி என்றால் எண்ணலாம், யூ என்றால் எண்ண முடியாது. புதுச் சொல் படிக்கும்போதே அந்த எழுத்தையும் சேர்த்துப் படிப்பது நல்லது. இரண்டும் போட்டிருந்தால் பொருள் மாறுகிறது என்று அர்த்தம். "காஃபி" பொதுவாக எண்ண முடியாதது, ஆனால் கடையில் "எ காஃபி, ப்ளீஸ்" என்றால் ஒரு கப். "பேப்பர்" காகிதம், "எ பேப்பர்" செய்தித்தாள் அல்லது ஆய்வுக் கட்டுரை.

ஒரே ஒரு "எ" எவ்வளவு பொருளைத் தாங்குகிறது என்பதற்கு உலகறிந்த சான்று இருக்கிறது. 1969 ஜூலையில் நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் சொன்னது உலகம் முழுவதும் இப்படித்தான் கேட்டது: "தட்ஸ் ஒன் ஸ்மால் ஸ்டெப் ஃபார் மேன், ஒன் ஜயன்ட் லீப் ஃபார் மேன்கைண்ட்." ஆர்ட்டிக்கிள் இல்லாமல் "மேன்" என்று மட்டும் நின்றால் அது மனித இனத்தைக் குறிக்கும். அப்படியென்றால் மனித இனத்துக்கு ஒரு சிறிய அடி, அதே மனித இனத்துக்கு ஒரு பெரும் பாய்ச்சல் என்றாகி, வாக்கியம் தன்னையே மறுக்கிறது. தான் சொல்ல நினைத்தது "ஃபார் எ மேன்" என்று ஆம்ஸ்ட்ராங் பின்னாளில் விளக்கினார். "எ" இருந்தால் ஒரு தனி மனிதனின் சிறிய அடி. ஒலிப்பதிவில் அந்த "எ" இருக்கிறதா இல்லையா என்று இன்றும் ஆராய்கிறார்கள்.

நான்காம் படி: பன்மையோ எண்ண முடியாததோ என்றால் காலியாக விடுங்கள்

பொதுவாகப் பேசும்போது பன்மைக்கும் எண்ண முடியாதவற்றுக்கும் ஆர்ட்டிக்கிள் கிடையாது. "டாக்ஸ் ஆர் லாயல்." "ரைஸ் இஸ் கெட்டிங் காஸ்ட்லி." "லைஃப் இஸ் டிஃபிகல்ட்." நம்மவர்கள் எங்கே பாதுகாப்பாக இருக்கட்டும் என்று "தி லைஃப் இஸ் டிஃபிகல்ட்", "தி நேச்சர் இஸ் பியூட்டிஃபுல்" என்று ஒரு "தி" சேர்த்துவிடுகிறார்கள். பெரிய கருத்துகளைச் சொல்லும் சொற்களான லைஃப், நேச்சர், சொசைட்டி, லவ், எஜுகேஷன் ஆகியவை தனியாகவே நிற்கும். பின்னால் அடையாளம் வந்தால் மட்டும் "தி": "தி லைஃப் ஆஃப் எ ஃபிஷர்மேன்", "தி எஜுகேஷன் ஐ காட் தேர்".

இந்த இடத்தில் "தி" இருப்பதும் இல்லாததும் நாடுகளுக்கு இடையே வழக்காகவே மாறியிருக்கிறது. இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் நடந்த 1967 ஜூன் போருக்குப் பிறகு, அந்த ஆண்டு நவம்பர் 22 அன்று ஐநா பாதுகாப்பு கவுன்சில் 242ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டியது "ஃப்ரம் டெரிட்டரீஸ் ஆக்குபைட் இன் தி ரீசன்ட் கான்ஃப்ளிக்ட்" என்று அதன் ஆங்கில வடிவம் சொல்கிறது. "டெரிட்டரீஸ்" என்பதற்கு முன் "தி" இல்லை. "தி" இல்லாததால் எல்லாப் பகுதிகளிலிருந்தும் விலகத் தேவையில்லை என்றது ஒரு தரப்பு. கைப்பற்றிய எல்லாப் பகுதிகளையும்தான் தீர்மானம் சொல்கிறது என்றது மறுதரப்பு. தீர்மானத்தின் பிரெஞ்சு வடிவத்தை அப்படிப் படிக்க முடியும் என்பதையும் அந்த மறுதரப்பு காட்டியது. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. பன்மைக்கு முன் "தி" வந்தால் "அவை எல்லாம்" என்ற பொருள் வந்துவிடுகிறது என்பதை நாம் எடுத்துக்கொள்ளலாம். "தி ஸ்டூடண்ட்ஸ் ஃபெயில்ட்" என்றால் அந்த வகுப்பே தோற்றது போலிருக்கும். "சம் ஸ்டூடண்ட்ஸ் ஃபெயில்ட்" என்றால் சிலர் மட்டும்.

இதோடு சேர்த்துப் பழக வேண்டிய ஜோடி ஒன்று: "ஃப்யூ", "எ ஃப்யூ". "ஐ ஹேவ் எ ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ் இன் சென்னை" என்றால் சிலர் இருக்கிறார்கள், தங்க இடம் கிடைக்கும். "ஐ ஹேவ் ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ் இன் சென்னை" என்றால் அவ்வளவாக யாரும் இல்லை என்ற வருத்தம். "லிட்டில்", "எ லிட்டில்" என்பதும் அப்படியே.

ஐந்தாம் படி: எ-யா, ஆன்-ஆ?

இது எளிது, தமிழர்களுக்கு ரொம்பவே எளிது. "ஓர் ஊர்", "ஒரு நாடு" என்று எழுதப் பழகியவர்களுக்கு விதியை விளக்கவே தேவையில்லை. அடுத்து வருவது உயிரொலி என்றால் ஆன், மெய்யொலி என்றால் எ. எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். "யூனிவர்சிட்டி" ஆங்கிலத்தில் யூ என்ற உயிரெழுத்தில் தொடங்கினாலும் ஒலி "யூ", அதாவது யகர மெய். நாம் "ஓர் யானை" என்று எழுதுவதில்லை, "ஒரு யானை" என்கிறோம் அல்லவா? அதே காரணத்தால்தான் "எ யூனிவர்சிட்டி", "எ யூனிஃபார்ம்", "எ யூபிஐ பேமென்ட்". "ஒன்" என்ற சொல் "வ" ஒலியில் தொடங்குவதால் "எ ஒன்-ருபீ காயின்". மறுபக்கம், "அவர்" (மணி நேரம்), "ஆனஸ்ட்" (நேர்மையான) ஆகிய ஆங்கிலச் சொற்களில் எச் எழுத்து இருந்தும் ஒலிப்பதில்லை. எனவே "ஆன் அவர்", "ஆன் ஆனஸ்ட் மேன்".

சுருக்கப் பெயர்களில் முதல் எழுத்தை எப்படி உச்சரிக்கிறோம் என்பதே கணக்கு. எம் என்பது "எ"யில் தொடங்குகிறது: "ஆன் எம்எல்ஏ", "ஆன் எம்பிஏ". "ஆன் எஃப்ஐஆர்", "ஆன் எஸ்எம்எஸ்", "ஆன் எக்ஸ்-ரே", "ஆன் எல்இடி பல்ப்" எல்லாம் இப்படித்தான். ஆனால் "எ பிஇ டிகிரி", "எ சிபிஐ என்கொயரி". எச்ஆர் மட்டும் சிக்கல். அகராதி உச்சரிப்பில் அந்த எழுத்து "எய்ச்", எனவே "ஆன் எச்ஆர் மேனேஜர்". நம் ஊரில் "ஹெச்" என்று சொல்பவர்கள் "எ ஹெச்ஆர்" என்பது அவர்கள் ஒலிக்குப் பொருந்தும், ஆனால் எழுதும்போது "ஆன்" போடுவதே வழக்கம்.

பெயர்களும் பழகிய தொடர்களும்

ஆள், ஊர் பெயர்களுக்குப் பொதுவாக ஆர்ட்டிக்கிள் இல்லை. நாடுகளில் பன்மைப் பெயருக்கும், ஸ்டேட்ஸ், கிங்டம், எமிரேட்ஸ் போன்ற பொதுச்சொல் உள்ள பெயருக்கும் "தி" வரும்: "தி யுனைடெட் ஸ்டேட்ஸ்", "தி யூகே", "தி யூஏஇ", "தி பிலிப்பைன்ஸ்", "தி மால்டீவ்ஸ்". இந்தியா, ஸ்ரீலங்கா, சிங்கப்பூருக்கு இல்லை. முன்பு "தி உக்ரைன்" என்று ஆங்கிலத்தில் எழுதிவந்தார்கள். ஒரு நாட்டை ஒரு பிரதேசம் போல அது காட்டுகிறது என்பதால், 1991இல் சுதந்திரம் பெற்ற பிறகு அந்த "தி" கைவிடப்பட்டது.

ஆறு, கடல், மலைத்தொடர், தீவுக்கூட்டம் ஆகியவற்றுக்கு "தி": "தி காவேரி", "தி வைகை", "தி பே ஆஃப் பெங்கால்", "தி நீல்கிரீஸ்", "தி அந்தமான்ஸ்". தனி மலைக்கு இல்லை: "மவுண்ட் எவரெஸ்ட்". நிறுவனப் பெயரில் நடுவே "ஆஃப்" வந்தால் பல சமயம் "தி" ஒட்டிக்கொள்ளும். ஒரே பல்கலைக்கழகத்தை "மெட்ராஸ் யூனிவர்சிட்டி" என்றும் "தி யூனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்" என்றும் சொல்கிறோம். முதலாவதில் இல்லை, இரண்டாவதில் உண்டு.

மிச்சம் இருப்பவை பழக்கத்தால் வர வேண்டியவை. படிக்கப் போனால் "கோ டு ஸ்கூல்". பிள்ளையின் ஃபீஸ் கட்ட அப்பா போனால் "கோ டு தி ஸ்கூல்". "கோ டு சர்ச்" உண்டு, ஆனால் நம் கோயிலுக்கு "கோ டு தி டெம்பிள்" என்பதே நல்லது. "பை பஸ்", ஆனால் "ஆன் தி பஸ்". "அட் நைட்", ஆனால் "இன் தி மார்னிங்". "ப்ளே க்ரிக்கெட்", ஆனால் "ப்ளே தி வீணா". கிலோ அறுபது ரூபாய் என்றால் "சிக்ஸ்டி ரூபீஸ் எ கிலோ". வாரத்துக்கு ஒருமுறை "ஒன்ஸ் எ வீக்". இவற்றைத் தனித்தனி விதியாகப் படிக்காமல், முழுத் தொடராக வாயில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பத்தியை நடத்திப் பார்ப்போம்

"லாஸ்ட் வீக் ஐ வென்ட் டு எ வெட்டிங் இன் மதுரை. தி ஹால் வாஸ் நியர் தி பஸ் ஸ்டாண்ட். ஐ சாட் நெக்ஸ்ட் டு ஆன் ஓல்ட் மேன். ஹி வாஸ் எ ரிடையர்ட் டீச்சர். ஹி கேவ் மீ அட்வைஸ் அபவுட் மனி."

வெட்டிங்: கேட்பவருக்கு யார் கல்யாணம் என்று தெரியாது, ஒருமை, எனவே "எ". ஹால்: முதல்முறை வருகிறது, ஆனால் கல்யாணம் என்றால் மண்டபம் உண்டு, எனவே "தி". பஸ் ஸ்டாண்ட்: இங்கே கேட்பவர் யார் என்று பாருங்கள். வெளியூர்க்காரர் என்றால் "தி பஸ் ஸ்டாண்ட்" போதும். மதுரைக்காரரிடம் சொன்னால் "மாட்டுத்தாவணியா, ஆரப்பாளையமா, பெரியாரா?" என்று உடனே கேட்பார், அவரிடம் பெயரையே சொல்லிவிடுங்கள். ஓல்ட் மேன்: தெரியாதவர், உயிரொலி, எனவே "ஆன்". டீச்சர்: தொழில், எனவே "எ", ஒலியைப் பார்க்க வேண்டியது பக்கத்தில் உள்ள "ரிடையர்ட்" என்பதன் ஒலியை. அட்வைஸ், மனி: எண்ண முடியாதவை, பொதுவாகச் சொல்கிறோம், எனவே எதுவும் இல்லை.

இதே போல நீங்களாகச் செய்ய ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு செய்தியின் முதல் பத்தியை எடுங்கள். தலைப்பை விட்டுவிடுங்கள், இடம் போதாமல் தலைப்பில் ஆர்ட்டிக்கிளை வெட்டிவிடுவார்கள், அதிலிருந்து கற்றால் தப்பாகவே படியும். பத்தியை ஒரு நோட்டில் எ, ஆன், தி இல்லாமல் எழுதிவையுங்கள். மறுநாள், மூலத்தைப் பார்க்காமல் நிரப்புங்கள். ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் நின்று "எந்த?" என்று கேளுங்கள். அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் விடை மாறியிருந்தால் உடனே தவறு என்று அடித்துவிடாதீர்கள். நீங்கள் போட்டதை வைத்து வாக்கியத்தைப் படித்து, பொருள் எப்படி மாறுகிறது என்று பக்கத்தில் தமிழில் ஒரு வரி எழுதுங்கள்.